தையல்காரர் சொல்லாத முடிவு

மீஞ்சூர் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் இடது கைப் பக்கம் நாலாவது கடை அருணகிரியின் தையல் கடை. சட்டை தைக்க வருகிறவர்களைவிடக் கதை கேட்க வருகிறவர்கள்தான் அங்கே அதிகம். "இந்த வாரம் எதைப் படிக்கலாம் டைலரே?" என்று யாராவது வாயைத் திறந்துவிட்டால் போதும். அளவு கொடுக்க வந்தவரைக் கையைத் தூக்கியபடியே நிற்க வைத்துவிட்டு, டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஆரம்பித்துவிடுவார். எந்தப் பத்திரிகையில் எந்தத் தொடர் ஓடுகிறது, எந்தப் படக்கதையில் ஓவியர் மாறிவிட்டார், எது அமர்க்களமாக ஆரம்பித்துப் பத்தாவது வாரம் படுத்துக்கொண்டது, எல்லாம் அவருக்கு விரல் நுனியில். கையைத் தூக்கிய ஆசாமிக்குத் தோள் வலி எடுத்தால் அது அவர் பாடு.

ஆளைப் பார்த்துத்தான் சிபாரிசு செய்வார். ரைஸ் மில் குமாஸ்தா வீரராகவனுக்குத் துப்பறியும் தொடர். கம்பவுண்டர் சம்சாரம் கனகாம்பாளுக்குப் பேய்க்கதை. அந்த அம்மாளுக்கு இருந்த தைரியம் அவள் புருஷனுக்குக் கிடையாது. அருணகிரி சொல்லி ஒரு கதை சோடை போனதில்லை என்று நாலைந்து பேர் நம்பினார்கள். அந்த நாலைந்து பேரின் நம்பிக்கைதான் மனிதருக்குச் சோறு தண்ணீரெல்லாம்.

தொடர் முடிந்ததும் பக்கங்களைக் கத்தரித்து வரிசையாக அடுக்கி, இடது ஓரத்தில் தையல் மெஷினிலேயே ஓட்டிவிடுவார். மீந்த சட்டைத் துணிதான் அட்டை. அதனால் அந்தப் புத்தகங்களுக்குப் பெயரே வேறு. "அந்த நீலக்கோடு புக்கைக் குடு", "கட்டம் போட்ட புக்கு யார் கையில கீது?" என்றுதான் கேட்பார்கள். எல்லாம் இலவசம். ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. முடிவை யாருக்கும் சொல்லக்கூடாது. ஒருமுறை வீரராகவன் ஒரு கொலைகாரனின் பெயரைக் கடையில் உளறிவிட்டார் என்று இரண்டு மாதம் அவரிடம் அருணகிரி பேசவில்லை. அவருடைய கால்சட்டையும் இரண்டு மாதம் மடிப்பு அடிக்காமல் கிடந்தது.

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து இறால் கூடையோடு வருகிற ராஜவேலு அந்தக் கூட்டத்தில் எப்படிச் சேர்ந்தான் என்பது யாருக்கும் சரியாக நினைவில்லை. சந்தையில் கூடை காலியானதும் திரும்பும் பஸ் வரும்வரை கடை பெஞ்சில் உட்காருவான். ஐந்தாவது வரை படித்தவன். எழுத்துக் கூட்டி மெதுவாகத்தான் படிப்பான். ஆனால் படத்தை அவன் பார்ப்பதுபோல வேறு யாரும் பார்த்ததில்லை.

அறுபத்தெட்டாம் வருஷம் ஆனி மாதம் ஒரு வாரப் பத்திரிகையில் 'எட்டாவது தோணி' என்ற படக்கதை ஆரம்பித்தது. முதல் வாரத்தைப் படித்ததுமே அருணகிரி அதை எடுத்து ராஜவேலுவின் மடியில் போட்டார்.

"இது உனக்குன்னே எழுதன கதைப்பா. படி."

ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் ஏழு தோணிகள் மீன் பிடிக்கப் போகின்றன. விடியற்காலைப் பனியில் திரும்பி வரும்போது எட்டுத் தோணிகள் வருகின்றன. எட்டாவது தோணிக்காரன் தலையில் ஈரத் துண்டைப் போட்டு முகத்தை மூடியிருக்கிறான். கரையில் லாந்தரோடு நிற்கும் ஒரு பெண் மட்டும்தான் அவனைப் பார்க்கிறாள். யார் அவன்? நாற்பது வாரம் ஓடியது அந்தக் கதை.

ராஜவேலு ஒவ்வொரு வாரமும் குறை கண்டுபிடிப்பான். "இன்னா டைலரே, இந்தப் படம் போட்டவன் தோணியையே பாத்ததில்ல போலக்குது. வலை ஏத்துன தோணி இப்பிடியா மெதக்கும்? தண்ணி வெளிம்பு வரைக்கும் ஏறிக்கினு நிக்கும்யா." குறை சொல்லிவிட்டு, அதே பக்கத்தை மறுபடியும் முதலிலிருந்து பார்ப்பான்.

ஒரு நாள் பனியைப் பற்றிப் பேச்சு வந்தது. ராஜவேலு சொன்னான்: "பனி எறங்குச்சின்னா எங்களுக்குக் கரை எந்தப் பக்கம்னே தெரியாது. கரையில நிக்கிறவங்க ஒவ்வொருத்தன் பேரா சொல்லிக் கூவுவாங்க. அவன் 'ஓவ்'னு பதில் குடுப்பான். அந்தச் சத்தத்தப் புடிச்சிக்கினே வந்து சேந்துடுவோம். பதில் வர்ற வரைக்கும் கூப்புடறத நிறுத்தக்கூடாது. அது எங்க குப்பத்து வழக்கம்."

"பதிலே வரலன்னா?"

"அவன் ஊட்டு ஆளு யாராச்சும் அவனுக்கோசரம் 'ஓவ்'னு சொல்லணும். அப்பத்தான் கூப்புட்டவன் நிறுத்தலாம்." காலிக் கூடையைத் திருப்பி வைத்துக்கொண்டே, "அதுக்கு அப்புறம்தான் அழுவாங்க" என்றான்.

முப்பத்தொன்பதாவது வாரம். லாந்தர்ப் பெண் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, எட்டாவது தோணிக்காரனின் துண்டு நுனியைப் பிடித்துவிட்டாள். 'முடிவு அடுத்த வாரம்' என்று போட்டிருந்தது. கடையில் அன்றைக்கு யாரும் தைக்கவில்லை, தைக்கச் சொல்லவும் இல்லை.

அடுத்த வாரம் அருணகிரிக்கு அம்மை போட்டுவிட்டது.

அம்மை கண்ட வீட்டுக்கு வெளியிலிருந்து ஒன்றும் உள்ளே வரக்கூடாது, உள்ளேயிருந்து ஒன்றும் வெளியே போகக்கூடாது. அவர் மனைவி தாயாரம்மாள் வாசலில் வேப்பிலை செருகினாள். பத்திரிகை ஏஜென்ட் கோபால் சைக்கிளில் வந்தவன், வேப்பிலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பிப் போய்விட்டான். உள்ளே வாழை இலையில் படுத்திருந்த மனிதர், "அவன வாசல்லயே நின்னு கடைசிப் பக்கத்த மட்டும் சத்தமா படிக்கச் சொல்லு தாயாரு" என்று கெஞ்சினார். "ஆத்தா வந்து எறங்கியிருக்கா, உனுக்குப் பேய்க்கதை கேக்குதா?" என்று அவள் வைத வசவில் ஆத்தாளே பயந்திருப்பாள்.

அம்மை இறங்கி, மூன்றாவது தண்ணீர் ஊற்றிக்கொண்டு அவர் வெளியே வந்தபோது, விற்காத பிரதிகளைக் கோபால் மதராஸுக்குத் திருப்பி அனுப்பியிருந்தான். கூட்டத்தில் வேறு யாரும் வாங்கவில்லை. எல்லோரும் அருணகிரியின் பிரதியைத்தானே படிக்கிறவர்கள்! கனகாம்பாள் மட்டும் சொந்தமாக வாங்குவாள். ஆனால் கம்பவுண்டருக்கு மாற்றலாகி அவர்கள் தை மாதமே திருவாலங்காட்டுக்குப் போயிருந்தார்கள்.

கடை திறந்த அன்றே எல்லோரும் வந்து நின்றார்கள். "முடிவு இன்னா டைலரே?"

எனக்குத் தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மனிதருக்கு வாய் வரவில்லை. ஊருக்கெல்லாம் கதை சொல்கிறவன், தான் சிபாரிசு செய்த கதையின் முடிவைத் தானே படிக்கவில்லை என்று எப்படிச் சொல்வது? "படிச்சிட்டேன். பிரமாதம்! இப்படி ஒரு முடிவ நீங்க ஜென்மத்துல நெனைச்சிருக்க மாட்டீங்க. புக்கு தெச்சித் தர்றேன், படிச்சிக்குங்க" என்றார். அந்தப் புத்தகம் தைக்கப்படவே இல்லை, அந்தப் பத்திரிகை வாங்குவதையும் அவர் அதோடு நிறுத்திவிட்டார். வீரராகவனும் மற்றவர்களும் வேறு தொடருக்குத் தாவிவிட்டார்கள். ராஜவேலு மட்டும் தாவவில்லை. பஸ்ஸுக்கு எழுந்திருக்கும்போதெல்லாம், "புக்கு எப்ப டைலரே?" என்பான்.

ஆவணியில் அவன் வருவது நின்றது. நெஞ்சில் நோய், இருமலில் ரத்தம் வருகிறது என்று இறால் கொண்டுவரும் பெண்கள் சொன்னார்கள். புரட்டாசியில் அருணகிரி பஸ் ஏறிக் குப்பத்துக்குப் போனார்.

ராஜவேலு கயிற்றுக் கட்டிலில் எலும்பாகக் கிடந்தான். அவன் மனைவி கெங்கம்மாள் வாசலில் வலையைப் போட்டுக்கொண்டு, பிரிக்காமல் சும்மா உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது.

"டைலரே, எனக்கு ஒரு சட்ட அளவு எடு. எழுந்ததும் போட்டுக்கினு உன் கடைக்கு வர்றேன்."

டேப்பை அவன் மார்பைச் சுற்றிப் போட்டார். எப்போதும் முப்பத்தாறு இருக்கிற மார்பு முப்பது காட்டியது. "முப்பத்தாறு. அப்பிடியேதான் கீறே" என்றார். அந்தப் பொய் தடங்கலில்லாமல் வந்தது.

ராஜவேலு சிரித்தான். மூச்சு வாங்கிக்கொண்டு, "அந்தத் தோணிக்காரன் யாரு டைலரே? இப்பவாச்சும் சொல்லு" என்றான்.

"முடிவ சொல்லக்கூடாதுப்பா. சட்டம் சட்டம்தான். நீ எழுந்து வா, படிச்சிக்கலாம்."

"செரி, நீ சொல்ல வேணாம். நான் சொல்றேன், செரியா தப்பான்னு மட்டும் சொல்லு." கண்ணை மூடிக்கொண்டு, வார்த்தை வார்த்தையாகச் சொன்னான். "அவன் கெட்டவன் இல்ல. முன்ன எப்பவோ பனியில போனவன். செத்தது தெரியாம, கரை தெரியாம, வௌக்கப் பாத்துக்கினு மத்த தோணிங்க பின்னாலயே வர்றான். அவ துண்ட உருவக்கூடாது. அவன் பேரச் சொல்லிக் கூப்புடணும். கரை வந்துடுச்சி, எறங்குன்னு சொல்லணும். அவ்ளோதான், எறங்கிப் போயிடுவான். செரியா?"

எவ்வளவு நல்ல முடிவு! அருணகிரிக்கு உடம்பு சிலிர்த்தது. சரி என்று சொல்லியிருந்தால் யார் குடி முழுகிவிடும்? ஆனால் இத்தனை மாதமாக, யாராலும் ஊகிக்க முடியாத முடிவு என்று அடித்துப் பேசியாகிவிட்டது. ஒரு மீன்காரன் கட்டிலில் படுத்தபடியே ஊகித்துவிட்டான் என்றால் அந்தப் பேச்சு என்ன ஆவது? அந்த ஒரு நொடியில், தான் படிக்காத முடிவின் பெருமையைக் காப்பாற்ற நினைத்தார் பாவி மனிதர். தலையை ஆட்டிச் சிரித்தார்.

"அது இல்லப்பா."

"அப்பிடியா?" என்றான் ராஜவேலு. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். மூன்றாம் நாள் இறந்துபோனான்.

துக்கம் விசாரித்துவிட்டு வந்து கடையைத் திறந்தார். பஸ் வருகிற மத்தியான நேரத்தில் பெஞ்சு கிறீச்சென்றது. நிமிர்ந்து பார்த்தால் பெஞ்சில் யாரும் இல்லை. பழைய பெஞ்சு, வெயிலுக்குக் கிறீச்சிடும் என்று சொல்லிக்கொண்டார். மறுநாளும் அதே நேரத்துக்குக் கிறீச்சிட்டது. மழை நாளிலும் கிறீச்சிட்டது.

ஐப்பசியில் வீரராகவன் தீபாவளிச் சட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார். "யோவ், என் மாரு நாப்பது. இதுக்குள்ள என் மச்சினன்கூட நொழைய மாட்டான். இன்னா தெச்சிக்கீறே?" அருணகிரி அளந்து பார்த்தார். முப்பத்தாறு. கை நீளம், கழுத்து, எல்லாம் ராஜவேலுவின் அளவு. நோட்டில் நாற்பது என்றுதான் எழுதியிருந்தது. பார்த்துப் பார்த்துத்தான் வெட்டியிருந்தார். கை தவறியிருக்கும் என்று மன்னிப்புக் கேட்டு வேறு தைத்துக் கொடுத்தார்.

பத்து நாள் கழித்து ஸ்டேஷன் போர்ட்டருக்குத் தைத்த சட்டை முப்பத்துநாலாக வந்தது. கார்த்திகையில் ஒரு கல்யாண மாப்பிள்ளைக்குத் தைத்தது முப்பத்திரண்டு. மாப்பிள்ளை வீட்டார் போட்ட கூச்சல் ஸ்டேஷன் வரைக்கும் கேட்டது. அருணகிரி காதில் அது எதுவும் ஏறவில்லை. முப்பத்தாறு, முப்பத்துநாலு, முப்பத்திரண்டு. அவன் இளைத்த கணக்கிலேயே அவர் கத்திரி வெட்டிக்கொண்டு வருகிறது. அடுத்தது முப்பது. மெஷின் மேல் அடுத்ததாகக் கிடந்த துணி அவருடையது. பொங்கலுக்கென்று தாயாரம்மாள் அவருக்காக வாங்கி வைத்தது.

அவர் கத்திரியைக் கையால் தொடவில்லை. கடையைச் சாத்திவிட்டு வீட்டில் உட்கார்ந்தார். "இன்னாயா பேஜாரு உனக்கு?" என்று தாயாரம்மாள் உலுக்கியபோது, குழந்தையைப் போல அழுதுவிட்டு எல்லாவற்றையும் சொன்னார். அவள் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள். அப்புறம், "அந்தக் கனகாம்பா கிட்ட போயி முடிவக் கேட்டுக்கினு வா. தெரிஞ்சிக்கினு அவனுக்குச் சொல்லிடு. அவன் கேக்கறது அதத்தான்" என்றாள். அவருக்கு இது தோன்றாமல் இல்லை. கனகாம்பாளிடம் போய் நின்றால், படிக்காமலே பீற்றிக்கொண்டவன் என்று தெரிந்துவிடுமே என்றுதான் இத்தனை நாள் போகவில்லை. இப்போது அந்த மானத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மார்கழியில், ஆருத்ரா தரிசனக் கூட்டத்தோடு கூட்டமாக ரயில் மாறித் திருவாலங்காட்டுக்குப் போனார். கனகாம்பாள் கதவைத் திறந்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள்.

"வாங்க டைலரே! இப்ப இன்னா படிக்கலாம், அதச் சொல்லுங்க மொதல்ல."

"அம்மா, 'எட்டாவது தோணி' கடைசி வாரம் உங்ககிட்ட கீதா? நான் படிக்கல."

"நீங்களா? என்னைப் படிக்கச் சொன்னதே நீங்கதானே!" என்று அவள் திகைத்தாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மேலே கேட்காமல் உள்ளே போய்ப் புத்தகத்தைக் கொண்டுவந்தாள்.

கடைசிப் பக்கம் முழுவதும் ஒரே படம். லாந்தர் வெளிச்சம், தண்ணீர், விலகிய துண்டு. துண்டுக்குள் முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஓவியர் ஒன்றும் வரையவில்லை. வெறும் வெள்ளைக் காகிதம். கீழே இரண்டு வரி. 'அவள் யாரைக் கண்டாள்? என்ன செய்தாள்? வாசகர்களே, இதன் முடிவு உங்களுடையது. எழுதி அனுப்புங்கள்.'

"இவ்ளோதானா?"

"இவ்ளோதான். மூட்டை மூட்டையா லெட்டர் வந்துதாம். ரெண்டு மாசம் கழிச்சி போட்டாங்களே, பாக்கலியா? எழுதனவங்க அத்தினி பேரு முடிவும் செரிதானாம், எதுவுமே தப்பு இல்லியாம். நானும் ஒண்ணு எழுதிப் போட்டேன்." கனகாம்பாள் ஆவலோடு கேட்டாள். "நீங்களா இருந்தா இன்னா எழுதியிருப்பீங்க?"

"எனக்குத் தெரிஞ்சவன் ஒருத்தன் சொன்னான்மா. நான் தப்புன்னு சொல்லிட்டேன்."

அவள் கொடுத்த காப்பி ஆறிப்போனது.

மறுநாள் முதல் பஸ்ஸில் பழவேற்காட்டுக்குப் போனார். குப்பத்துக்கு நடக்கும்போது பொழுது விடிந்திருந்தது. ஏரி தெரியவில்லை. பனி கரை வரைக்கும் வந்து நின்றது. கெங்கம்மாள் தோணிகளுக்காகக் கூடையோடு காத்திருந்தாள். அவளிடம் மறைக்காமல் சொன்னார். படிக்காததைப் படித்தேன் என்றது, அவன் சொன்னதைத் தப்பு என்றது, அது தப்பே இல்லை என்பது, எல்லாவற்றையும் சொன்னார்.

அவள் பனியைப் பார்த்தபடியே கேட்டுவிட்டுச் சொன்னாள். "மூணு நாளுண்ணா. சாவப் போறோமேன்னு அவரு ஒரு வார்த்த பேசல. 'அது இல்லன்னா வேற இன்னாவா இருக்கும் கெங்கா? அவன் எங்கதான் போவான்?'னு இதையேதான் கேட்டுக்கினு கெடந்தாரு. தண்ணி குடுத்தா தண்ணி வேணாம், இதுக்குப் பதிலு சொல்லுன்னாரு. படிக்காத பொம்பள, நான் எங்க போவேன் பதிலுக்கு? அந்தக் கேள்வியோடதான் கண்ண மூடனாரு."

"தப்புப் பண்ணிட்டேன் தங்கச்சி."

"என்கிட்ட சொல்லி இன்னா பிரயோசனம்? அவருகிட்ட சொல்லு."

அருணகிரி தண்ணீரில் கணுக்கால் நனைய நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு கூப்பிட்டார். "ராஜவேலு! நீ சொன்னதுதான் செரி! கரை வந்துடுச்சி, எறங்குப்பா!" பனி அதை அப்படியே விழுங்கிக்கொண்டது. மறுபடி கூப்பிட்டார். பதில் வருகிற வரைக்கும் நிறுத்தக்கூடாதே. வெயில் ஏறி, தோணிகள் வந்து சேர்ந்து, மீன் பிரித்து முடிகிற வரைக்கும் கூப்பிட்டார். கடைசியில் கெங்கம்மாளைத் திரும்பிப் பார்த்தார். அவன் வீட்டு ஆள் அவள்தான். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"நான் சொல்ல மாட்டேண்ணா" என்றாள். கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

இரண்டாம் நாளும் போனார். குப்பத்து ஜனம் வேடிக்கை பார்த்தது. ஒருவரும் சிரிக்கவில்லை, அந்தக் கூப்பாட்டுக்கு அங்கே சிரிக்க மாட்டார்கள். கெங்கம்மாள் முதுகைக் காட்டிக்கொண்டு வலையைச் சிக்கெடுத்தாள். அவருக்குக் குரல் கட்டிப்போனது.

மூன்றாம் நாள் பனி இன்னும் கெட்டியாக இறங்கியிருந்தது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. கெங்கம்மாள் அன்றைக்குக் கூடை இல்லாமல் வந்து, அவருக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி நின்றாள். வந்தது அவருக்குத் தெரியும். திரும்பிப் பார்க்கப் பயந்துகொண்டு, உடைந்த குரலில் கூப்பிட்டார்.

"ராஜவேலு! நான்தான், டைலரு. உன் முடிவு செரிதான்யா. நான்தான் பொய் சொன்னேன். கரை வந்துடுச்சிப்பா. எறங்கு."

"ஓவ்!"

பக்கத்திலிருந்து கேட்டதுபோல அவ்வளவு தெளிவாகக் கேட்டது. அருணகிரி ஈர மணலில் அப்படியே உட்கார்ந்துகொண்டு, அவன் செத்த அன்றைக்கு அழாத அழுகையெல்லாம் அழுதார். அழுதுகொண்டே திரும்பி, கெங்கம்மாளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"மனசு எறங்கிட்டியே தங்கச்சி. நீ நல்லா இருக்கணும்."

கெங்கம்மாள் முந்தானையை வாயில் அழுத்திப் பிடித்திருந்தாள். அவள் கண் அவர்மேல் இல்லை, பனிமேல் இருந்தது. மெதுவாக முந்தானையை எடுத்தாள்.

"சொல்லலாம்னுதாண்ணா இன்னிக்கு வந்தேன்" என்றாள். "நான் இன்னும் வாயத் தொறக்கல."

துடுப்புச் சத்தம் கேட்டது. பனிக்குள்ளிருந்து தோணிகள் ஒவ்வொன்றாகக் கரைக்கு வர ஆரம்பித்தன. இரண்டு பேருமே தலையைக் குனிந்துகொண்டார்கள். எத்தனை வந்தது என்று எண்ணவில்லை.